நீல மாவும் உவர்ச்செடியின் சாம்பலும்

பாலைநிலத்துச் செடிகளை மனிதர்கள் ஆகாரமாகக் கொண்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பஞ்சத்தோடு சேர்த்தே எழுதுகிறார்கள். மழை பொய்த்து, குதிர் காலியாகி, வேறு கதியில்லாமற் போன காலத்தில் கசப்பும் கரிப்புமான தழைகளைப் பறித்து வயிற்றைக் கழுவினார்கள் என்ற அளவில் அந்த விஷயம் முடிந்துவிடும். அப்படி நேர்ந்த இடங்கள் பல உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்து வடகிழக்கு மூலையில், மூன்று பீடபூமி முனைகளின் உச்சியில் கல்வீடு கட்டிப் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஹோப்பி மக்களிடையே, உவர்மண்ணில் விளையும் ஒரு புதர்ச்செடி வேறொரு விதமாகச் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. அது கீரையாகவோ தானியமாகவோ வருவதில்லை; சாம்பலாக வருகிறது. அது சேரும் பண்டமும் பஞ்சகாலத்துக் கஞ்சி அன்று. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் இன்றியமையாததாக அவர்கள் போற்றும் பீக்கி என்னும் மெல்லிய நீலநிற ரொட்டி. அந்தச் சாம்பலில் எவ்வளவு சேர்க்க வேண்டும், எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்பதைத் தராசோ படியோ இல்லாமல் மாவின் நிறத்தைக் கொண்டே அவர்கள் நிர்ணயித்தார்கள் என்பதும், அந்த நிர்ணயத்தில் எவ்வளவு ரஸாயனம் அடங்கியிருந்தது, எவ்வளவு அடங்கவில்லை என்பதும் இங்கே ஆராயத்தக்கவை.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். ஹோப்பிகளின் ஊர்கள் இருக்கும் பிரதேசத்தில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிமீட்டர் வரைதான். வற்றாத ஆறு ஒன்றும் பக்கத்தில் இல்லை. ஓராய்பி என்னும் ஊர் கி.பி. 12-ஆம் நூற்றாண்டு முதல் இடைவிடாமல் குடியிருப்பாக இருந்துவருவது; அந்த நெடுங்காலம் முழுவதும் அவர்களைத் தாங்கிய பயிர் மக்காச்சோளம். மணலின் மேற்பரப்பு காய்ந்து கிடந்தாலும் கீழே ஈரம் நிற்கும் என்பதை அறிந்து, கூரிய தடியால் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் குழிதோண்டி விதையை இடுவது அவர்கள் வழக்கம். அவ்வளவு ஆழத்திலிருந்து மண்ணைப் பிளந்து மேலே வரத்தக்க நீண்ட இளந்தண்டு அவர்களுடைய சோளத்துக்கே உரிய குணம் என்பதை ஜி. என். காலின்ஸ் என்ற தாவர சாஸ்திரி 1914-இல் விளக்கி எழுதினார். சோள வகைகளுள் நீலக்கதிருக்கு அவர்களிடம் தனி மதிப்பு உண்டு. மனிதர்கள் இவ்வுலகத்துக்குள் வெளிப்பட்ட காலத்தில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களுக்கு வேண்டிய கதிரைத் தேர்ந்துகொள்ள, ஹோப்பிகள் எல்லாவற்றினும் குட்டையான நீலக்கதிரை எடுத்துக்கொண்டார்கள் என்றும், உழைப்பு மிகுந்த ஆனால் நீடித்து நிற்கிற வாழ்வு அதனால் அவர்களுக்கு வாய்த்தது என்றும் அவர்களுடைய புராணம் சொல்லும்.

இந்த நீலச்சோளத்துக்குத் துணையாக நிற்பதுதான் நாம் பேசவந்த செடி. ஹோப்பிகள் அதைச் சுவ்வி என்பார்கள். தாவர சாஸ்திரத்தில் அதன் பெயர் அட்ரிப்ளெக்ஸ் கானெசென்ஸ். நம் தண்டுக்கீரையும் சிறுகீரையும் பொன்னாங்கண்ணியும், வேதாரணியம் தூத்துக்குடிப் பக்கத்து உவர்நிலங்களில் சிவந்தும் பச்சையாகவும் படர்ந்து கிடக்கும் உமரியும் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு முன்னே பின்னே வளர்ந்து, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, திருநீறு பூசினாற்போல் வெளிறிய குறுகிய இலைகளைக் கொண்டு, குளிர்காலத்திலும் முற்றிலும் இலையுதிராமல் நிற்கும். விதையை மூடியிருக்கும் உறையிலிருந்து நான்கு புறமும் மெல்லிய இறகுகள் விரிந்திருப்பதால் நாற்சிறகு உவர்ச்செடி என்று நாம் சொல்லலாம். கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்ஸிகோவின் மத்திய பகுதி வரையில் பரவியிருக்கும் இச்செடியை, மேற்கு நோக்கிச் சென்ற ஆராய்ச்சிப் பயணத்தில் மெரிவெதர் லூயிஸ் 1804 செப்டம்பரில் மிஸூரி ஆற்றங்கரையில் பறித்து உலர்த்தி வைத்தார்; ஃபிரெடரிக் புர்ஷ் அதை 1814-இல் வேறோர் இனத்தின்கீழ் வர்ணித்தார்; தாமஸ் நட்டால் 1818-இல் அதற்கு இன்றுள்ள இடத்தைக் கொடுத்தார். அறிவியல் அதற்குப் பெயர் சூட்டுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே ஓராய்பிப் பெண்கள் அதை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பு நிறைந்த மண்ணில் ஒரு செடி பிழைப்பது சாமானியமான காரியம் அன்று. மண்நீரில் உப்பு மிகுந்தால் வேருக்குள் நீர் ஏறுவது தடைப்படும். ஏறிய நீரோடு வந்த சோடியமோ உயிரணுக்களின் வேலையைக் குலைக்கும். இந்த இரட்டை ஆபத்துக்கு இச்செடி கண்ட உபாயங்கள் இரண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. இலையின் மேற்புறத்தில் நுண்ணிய காம்புகளின்மேல் குமிழிகள் போன்ற ரோமங்கள் நெருங்கி நிற்கின்றன. இலைக்குள் மிகுந்த உப்பு அந்தக் குமிழிகளுக்குள் தள்ளப்படுகிறது. குமிழிகள் நிறைந்து, உலர்ந்து, உடைந்து, இலைமேல் வெண்பொடியாகப் படிகின்றன. செடிக்கு அந்தச் சாம்பல் நிறத்தைத் தருவதும், வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பி இலையைக் காப்பதும் அந்தப் படிவே. மற்றோர் உபாயம் உள்ளே நடப்பது. இலையின் அணுக்களுக்குள் சேர்த்துவைத்த சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு ஈடாகச் செடி ஆக்ஸாலிக அமிலம் முதலிய கரிம அமிலங்களை உண்டாக்கி, அவற்றோடு பிணைத்து, உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பையில் ஒதுக்கிவைக்கிறது. இந்தக் கரிம அமிலத்தைப் பற்றிய விஷயம் பின்னால் சமையலறையில் நமக்குப் பெரிதும் வேண்டியிருக்கும்.

இதன் இயல்பில் இன்னொரு விசித்திரமும் உண்டு. உணவோடு நேரே சம்பந்தப்பட்டதன்று என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆனால் அந்தப் பிரிவு நிரந்தரமானதன்று. கடுங்குளிரோ வறட்சியோ தாக்கிய பிறகும், ஓராண்டு மிகுதியாகக் காய்த்து ஓய்ந்த பிறகும், பெண்ணாக இருந்த சில செடிகள் மறுபருவத்தில் ஆண்பூக்களைப் பூக்கின்றன என்பதை யூட்டா மாகாணத்தில் டுராண்ட் மக்கார்தர் கண்டு 1977-இல் வெளியிட்டார். காய்ப்பது செலவு மிகுந்த தொழிலாதலால், கையில் முதல் இல்லாத ஆண்டில் செடி அதை ஒத்திப்போடுகிறது என்று கொள்ளலாம்.

பச்சையாக இச்செடி மனிதனுக்கு உகந்த ஆகாரமா என்றால், ஓரளவுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். இளந்தழை கரிப்பாக இருக்கும். வேறு பண்டங்களோடு சேர்த்து வேகவைத்தால் அவற்றுக்கு உப்புச்சுவை ஏறும். புரதம் போதிய அளவு இருப்பதால் ஆடு மாடுகளுக்கு, அதிலும் குளிர்காலத்தில் வேறு பசுமை இல்லாதபோது, நல்ல மேய்ச்சல். ஆனால் ஆக்ஸாலிக அமிலம் மிகுந்த தழையை மனிதன் நிறைய உண்டால், உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து குடலிலேயே அந்த அமிலத்தோடு பிணைந்து உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். விதைகளை வறுத்து மாவாக்கி உண்ட இனத்தவர் பலர். இச்செடியின் நெருங்கிய உறவாகிய அட்ரிப்ளெக்ஸ் லென்டிஃபார்மிஸ் என்பதன் விதையைக் கீலா ஆற்றங்கரைப் பீமா மக்கள் பக்குவப்படுத்திய முறையை ஃபிராங்க் ரஸ்ஸல் 1908-இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். குழி வெட்டி, அதில் ஒருவகை உமரித் தழையையும் பருத்திமரம் என்று ஆங்கிலேயர் சொல்லும் ஆற்றோர மரத்தின் மெல்லிய உட்பட்டையையும் நனைத்துக் கலந்து பரப்பி, விதையை உள்ளேயிட்டு ஓரிரவு சூட்டில் விடுவார்கள். மறுநாள் எடுத்து உலர்த்தி, வறுத்துச் சேமித்து, வேண்டியபோது ஒரு கிண்ணத்திலிட்டு நீர் விட்டுக் கூழாகக் குழைத்து உண்பார்கள். ஓர் உவர்ச்செடியின் விதையை வேறோர் உவர்ச்செடியின் தழையில் பொதிந்து வேகவைத்த இந்த முறை சாமர்த்தியமானதுதான். என்றாலும் ஹோப்பிகள் செய்த காரியத்தின் நுட்பம் இதில் இல்லை.

ஹோப்பிகளுக்கு உப்புக்காக இச்செடி தேவைப்படவில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். உப்பை அவர்கள் ஒரு புனித யாத்திரையாகச் சென்று கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெட்டிவந்தார்கள். அந்த யாத்திரையின் சடங்குகளை மிஷா டிட்டியெவ் 1937-இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே செடியிலிருந்து அவர்கள் நாடியது லவணத்தை அன்று, க்ஷாரத்தை, அதாவது காரத்தை. ஆல்ஃபிரட் வைட்டிங் 1939-இல் வெளியிட்ட ஹோப்பித் தாவர நூலில், இச்செடியின் சாம்பல் பீக்கி மாவுக்கு நீலநிறத்தைக் கொடுப்பதற்காகச் சேர்க்கப்படுகிறது என்று தெளிவாகக் காணப்படுகிறது. மொச்சை வகைகளின் கொடி, சோளத்தண்டின் சக்கை, ஜூனிப்பர் மரத்தழை ஆகியவற்றின் சாம்பலும் வெவ்வேறு பண்டங்களுக்கு உதவியதுண்டு. நீல மாவுக்குச் சுவ்வியே சிறந்தது என்பது அந்தச் சமையலறையின் தீர்ப்பு.

பீக்கி சுடுவதை ஓரளவு விரிவாகவே பார்க்க வேண்டும். இதற்கெனத் தனிக் கல் உண்டு. சுமார் இரண்டடி நீளமுள்ள தட்டையான பாறைப்பலகை. அதைக் கொண்டுவந்து, முதலில் பருங்கல்லாலும் பிறகு நுண்மையான கூழாங்கல்லாலும் பல நாள் தேய்த்து வழவழப்பாக்கி, அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றி, தர்ப்பூசணி, பூசணி முதலியவற்றின் எண்ணெய்ப்பசையுள்ள விதைகளை அரைத்து அதன்மேல் தேய்ப்பார்கள். விதை கருகி எண்ணெய் கல்லுக்குள் இறங்கி, மேற்பரப்பு கண்ணாடிபோல் கறுத்துப் பளபளக்கும் வரையில் இது திரும்பத் திரும்ப நடக்கும். கல்லைப் பழக்கும் அந்த நாளில் ஒருவரும் உரக்கப் பேசக்கூடாது, பேசினால் கல் வெடித்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நன்றாகப் பழகிய கல் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து. தோசைக்கல்லைப் பழக்குவதில் பாடுபட்ட நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கல்லின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நீலச்சோளத்தை அம்மியில் மூன்று நான்கு முறை, கொரகொரப்பான கல்லிலிருந்து வழவழப்பான கல்லுக்கு மாற்றி மாற்றி அரைத்து, முகத்துக்குப் பூசும் மாவைப்போல நுண்மையாக்குவார்கள். மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்று நாட்கணக்கில் சோளம் அரைப்பது ஹோப்பித் திருமணத்தின் ஒரு முக்கிய அங்கம். மாப்பிள்ளை வீட்டு ஆடவர்கள் அதற்கு ஈடாக அவளுக்குக் கல்யாண ஆடையை நெய்து தருவார்கள். சாம்பலுக்காகச் சுவ்வியின் பச்சைக் கிளைகளை வெட்டிச் சுத்தமான இடத்தில் குவித்து எரித்து, ஆறியபின் சலித்துப் பாத்திரத்தில் மூடிவைத்திருப்பார்கள். ரொட்டி சுடும் நாளில் அந்தச் சாம்பலில் கொஞ்சம் எடுத்து வெந்நீர் விட்டுக் கலக்கி, கரித்துண்டும் மண்ணும் நீங்குமாறு வடித்து, கலங்கிய நீரைத் தனியே வைத்துக்கொள்வார்கள். மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறும்போது அது சாம்பல் கலந்த ஊதாவாக, பார்ப்பதற்கு அவ்வளவு ரம்மியமில்லாத நிறத்தில் இருக்கும். அதில் சாம்பல்நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையப் பிசைய, ஊதா மறைந்து, நீலம் பரவி, மேகத்தின் நிழல் விழுந்த ஏரித் தண்ணீரைப் போன்ற பசுநீலம் தோன்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு தண்ணீர் விட்டு மாவை நீர்க்கக் கரைத்து, ஆட்டு மூளையோ எண்ணெய் விதையோ தேய்த்து மெழுகிய சூடான கல்லின்மேல், வெறுங்கையில் மாவை அள்ளி ஒரே வீச்சில் பூசுவார்கள். கை சுடாதா என்றால், பழகாத கை சுடத்தான் செய்யும். மாவு கல்லில் பட்டவுடனே வெந்து, ஓரங்கள் சுருண்டு எழும்பி, அப்பளத்தினும் மெல்லிய தாளாக உரிந்து வந்துவிடும். அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைப் பூசி, அது வெந்ததும் முதல் தாளை அதன்மேல் போடுவார்கள். கீழேயிருந்து எழும் ஆவியில் மேல்தாள் சற்று இளகும். இளகிய அந்தக் கணத்தில் இருபுறமும் மடித்து, ஓலைச்சுருள்போல் சுருட்டிவிடுவார்கள். ஆறினால் சுருள் மொறுமொறுப்பாகிப் பல நாள் கெடாமல் இருக்கும். கத்சீனா எனப்படும் ஆவிகளின் வேடமிட்டு ஆடும் நடனங்களின்போது சிவப்புப் பீக்கியும் உண்டு. அந்தச் சிவப்பு ஒருவகைத் தண்டுக்கீரைப் பூங்கொத்திலிருந்து எடுக்கும் சாயம்.

சாம்பல்நீர் பட்டு மாவு நீலமாவதற்குக் காரணம் ரகசியமானதன்று. நீலச்சோளத்தின் தோலுக்கு அடுத்த உட்படையில் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் இருக்கிறது. செம்பருத்திப் பூவையும் சங்குபுஷ்பத்தையும் நிறமூட்டுவதும் இந்த வகைப் பொருளே. புளிப்புச் சேர்ந்தால் சிவந்தும், நடுநிலையில் ஊதாவாகவும், காரம் சேர்ந்தால் நீலமாகவும், காரம் மிஞ்சினால் பச்சையும் மஞ்சளுமாகவும் அது மாறும். தாவரச் சாறுகளின் இந்தக் குணத்தைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியலாம் என்று ராபர்ட் பாயில் 1664-இல் இங்கிலாந்தில் எழுதியது ரஸாயன சரித்திரத்தில் ஒரு முக்கிய நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. ஹோப்பிப் பெண்கள் அதே குணத்தைத் தங்கள் மாவுப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அதையே கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் காவலாக நிறுத்தியிருக்கிறார்கள். ஊதா மறையவில்லையென்றால் காரம் போதவில்லை. பச்சை தட்டிவிட்டால் காரம் மிஞ்சிவிட்டது, ரொட்டியில் சவுக்கார வாடை அடிக்கும். சாம்பலைக் கண்ணாலும் நாவாலும் எடை போட்டுத் துணி வெளுத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் உண்ணும் பண்டமே தன் பக்குவத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொள்வது அரிது.

சாம்பலுக்கு அந்தக் காரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் செடியின் பாலைவன வாழ்க்கையும் அடுப்பங்கரையும் ஒன்றோடொன்று சேர்கின்றன. சாதாரண உப்பை, அதாவது சோடியம் குளோரைடை, எவ்வளவு எரித்தாலும் விறகு நெருப்பில் அது காரமாக மாறாது. காரமாக மாறுவது, செடி தன் உயிரணுக்களின் நீர்ப்பையில் ஒதுக்கிவைத்த கரிம அமில உப்புகளே. நெருப்பில் அந்த அமிலப்பகுதி சிதைந்து, சோடியமும் பொட்டாசியமும் கார்பனேட்டுகளாக மிஞ்சுகின்றன. இவை நீரில் கரைந்து கடுங்காரத்தைத் தருகின்றன. அதுபோலவே, பச்சைத் தழையில் ஆக்ஸாலிக அமிலத்தோடு பிணைந்து உடம்புக்கு உதவாமற்கிடந்த சுண்ணாம்புச் சத்து, எரிந்தபின் சுண்ணாம்புக் கார்பனேட்டாகி, வயிற்றின் அமிலத்தில் கரைந்து உடம்பில் சேரத்தக்க நிலையை அடைகிறது. தழையில் எது குற்றமாக இருந்ததோ, அதை நெருப்பு நீக்கியதோடு நில்லாமல் அதிலிருந்தே பயனையும் எடுத்துக்கொடுத்தது. இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றினும் வியப்பைத் தருவது இதுதான்.

காரம் சேர்ப்பதால் மக்காச்சோளத்துக்கு உண்டாகும் நன்மையைப் பேசும்போது பெல்லாக்ரா என்னும் வியாதியைச் சொல்லாதவர் இல்லை. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அதைக் காரத்தில் பதப்படுத்தும் பழக்கம் உடன் செல்லவில்லை. ஏழைகள் அதையே முழு ஆகாரமாக உண்ட இடங்களில், தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் ஒரு நோய் தோன்றியது. ஸ்பெயினில் காஸ்பர் காஸால் 1735-இல் அதைக் கண்டு வர்ணித்தார். அமெரிக்கத் தென்மாகாணங்களில் ஜோஸஃப் கோல்ட்பெர்கர் 1914 முதல் ஆராய்ந்து, அது தொற்றுநோயன்று, உணவுக் குறையால் வருவது என்று நிறுவினார். 1937-இல் கான்ராட் எல்வெய்ம், நிகோடினிக அமிலமே அதற்கு மருந்து என்பதற்கு வழிகாட்டினார். அந்தச் சத்து மக்காச்சோளத்தில் இருந்தும் உடம்பால் பிரித்தெடுக்க முடியாதபடி பிணைப்புண்டு கிடக்கிறது. காரமும் சூடும் சேர்ந்து அதை விடுவிக்கின்றன. சாலமன் காட்ஸும் அவருடைய சகாக்களும் 1974-இல் அமெரிக்கப் பழங்குடிகள் பலருடைய வழக்கங்களை ஒப்பிட்டு, மக்காச்சோளத்தை மிகுதியாக நம்பியிருந்த சமூகங்களே காரப்பக்குவத்தையும் கையாண்டன என்று காட்டினார்கள். நம் நாட்டில், மக்காச்சோளத்தின் வேறான ஜோவார் என்னும் சோளத்தை உண்ட தக்காணத்தாரிடமும் பெல்லாக்ரா காணப்பட்டது. அதற்கு லியூசின் என்னும் அமினோ அமிலத்தின் மிகுதி ஒரு காரணமாகலாம் என்று சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதியது இந்த நோயின் கதை ஒரே சூத்திரத்தில் அடங்காதது என்பதை நினைவூட்டும்.

ஆகையால், பீக்கியில் சேரும் சாம்பல்தான் ஹோப்பிகளைப் பெல்லாக்ராவிலிருந்து காத்தது என்று துணிந்து கூறிவிடுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். மெக்ஸிகோவில் சோளமணியைச் சுண்ணாம்புநீரில் வேகவைத்து இரவு முழுதும் ஊறவைக்கிறார்கள். ஹோப்பிகளும் முழுமணியைச் சாம்பல்நீரில் நெடுநேரம் வேகவைத்துத் தோலுரித்துச் சமைப்பதுண்டு. அவற்றில் காரம் வேலை செய்ய அவகாசம் இருக்கிறது. பீக்கி மாவிலோ சாம்பல்நீர் சேர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் ரொட்டி வெந்துவிடுகிறது. மேலும் அவர்கள் மொச்சை வகைகளும் பூசணியும் முயல் முதலியவற்றின் இறைச்சியும் உண்டவர்கள்.

சாம்பலால் வந்த உறுதியான லாபத்தைத் தாதுப்பொருள்களில்தான் தேட வேண்டும். 1970-களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டாரிஸ் காலோவேயும், ஹாரியட் கூன்லைனும் ஹோப்பிகளின் பழைய ஆகாரங்களைச் சோதித்து எழுதிய கட்டுரைகள் இத்துறையில் அடிப்படையானவை. அரசாங்கம் உதவியாக வழங்கிய வெள்ளை மாவு முதலான பண்டங்களோடு ஒப்பிடும்போது பழங்குடிகளின் உணவுகள் தாதுச்சத்தில் மேம்பட்டவை என்பது 1974-இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பால் குடிக்கும் வழக்கமே இல்லாதிருந்த ஒரு சமூகத்தில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சாம்பல் ஒரு விடையாகிறது. அண்டையிலுள்ள நவாஹோ மக்கள் நீலச்சோளக் கஞ்சியில் ஜூனிப்பர்த் தழைச் சாம்பலைச் சேர்ப்பார்கள். அந்தச் சாம்பலின் எடையில் கால்பங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்தே இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். சுவ்விச் சாம்பலில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. சுண்ணாம்பும் மெக்னீசியமும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன. வடிக்கும்போது நீர் கலங்கலாக இருப்பது இதற்கு நல்லது, ஏனென்றால் சுண்ணாம்புக் கார்பனேட்டு நீரில் கரைவதில்லை. நுண்பொடியாக மிதந்துதான் மாவில் சேர வேண்டும். தெளிந்த நீரை மட்டும் இறுத்து ஊற்றினால் நிறம் வந்துவிடும், சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும்.

நிறத்தைக் காவலாக நிறுத்திய முறையின் பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. கடைகளில் ஆப்பசோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, புதரைத் தேடிச் சென்று வெட்டி, சுமந்து, எரித்து, சலித்து, ஒரு சுமைக் கிளைக்கு ஒரு கைப்பிடி சாம்பல் பெறும் சிரமத்தை ஹோப்பி வீடுகளிற் பலர் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகிறவளுக்குச் சோடா டப்பாவின் அருமை தெரியும். சோடா சேர்த்த மாவும் அழகாக நீலமாகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஆப்பசோடாவில் உள்ளது சோடியம் ஒன்றே. பொட்டாசியம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மெக்னீசியம் இல்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் பெருகிவரும் ஒரு ஜனசமூகத்தில் வேண்டாததைக் கூட்டி வேண்டியதைக் குறைக்கும் மாற்றம் இது. 1980-இல் ஹோப்பிச் சமையலைப் பற்றி நூல் எழுதிய ஹுவானிட்டா டைகர் கவேனா சோடாவை மாற்றாக ஒப்புக்கொண்டாலும், சாம்பலின் சத்தை வற்புறுத்தியே சொல்கிறார். காரம் போதுமா என்ற கேள்விக்கு நீலநிறம் தவறாமல் விடை சொல்லும். அந்தக் காரம் எதனோடு வந்தது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. செடி ஒன்றே வழியாக இருந்த காலத்தில் அந்த இரண்டாவது கேள்வி எழவே இல்லை.

இதே மாற்றம் நம் பக்கத்திலும் நடந்துமுடிந்த கதைதான். சிந்து, பஞ்சாப், ராஜஸ்தானம் ஆகிய பாலைப்பகுதிகளில் லாணா எனப்படும் உவர்ச்செடியைக் குழியிலிட்டு எரித்தால் சாம்பல் உருகி இறுகிக் கற்கட்டியாகும், அதுவே சஜ்ஜிக்காரம். பிகானீர் அப்பளத்தின் மென்மைக்கும் பொரிவுக்கும் அது காரணம் என்பார்கள். நம் வைத்திய நூல்கள் சர்ஜிக்ஷாரம் என்பதும் அந்த வகைப் பொருளையே. சோழமண்டலக் கரையில் மண்டிக்கிடக்கும் உமரிச் செடிகளைச் சுட்டால் சவுக்காரத்துக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய காரம் ஏராளமாகக் கிடைக்கும் என்று வில்லியம் ராக்ஸ்பரோ எழுதிவைத்தார். இன்று நாட்டுமருந்துக் கடையில் அப்பளக்காரம் என்று பொட்டலம் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் தொழிற்சாலைச் சோடாதான்.

சாம்பலே மேல் என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்செடியின் வேர் பல அடி ஆழம் இறங்கி நிலத்தடி நீரையே எட்டிப் பிடிக்கிறது. மண்ணில் செலீனியம் மிகுந்திருந்தால் அதையும் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிறது. அத்தகைய இடங்களில் மேய்ந்த கால்நடைகளுக்குத் தீங்கு நேர்வதுண்டு. ஹோப்பி நாட்டுக்கு வடக்கே, நவாஹோ நிலத்திலுள்ள மானுமெண்ட் வேலி என்னுமிடத்தில் ஒரு பழைய யுரேனிய ஆலை இருந்தது. அது மூடப்பட்ட பின் நிலத்தடியில் நைட்ரேட்டு கலந்து பரவிய நீரை உறிஞ்சி அடக்குவதற்கென்றே, எட்வர்ட் கிளென் முதலான விஞ்ஞானிகளின் யோசனைப்படி, இந்த நாற்சிறகு உவர்ச்செடியை வரிசை வரிசையாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். அங்கே அந்தச் செடிகள் செழித்து வளர்ந்து, ஆழத்து நீரை இழுத்து ஆகாயத்தில் விட்டுக்கொண்டு, எதற்காக நடப்பட்டனவோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவருகின்றன. அவற்றின் கிளையை வெட்டிச் சமையலுக்குச் சாம்பலாக்க எவரும் முற்படமாட்டார்கள். ஊருக்கருகே தலைமுறை தலைமுறையாக எந்த ஓடைச்சரிவில் வெட்டினார்களோ அங்கேயே இன்றும் சென்று வெட்டும் கிழவிகளிடம் காரணம் கேட்டால், சாம்பல் அங்கேதான் நன்றாக இருக்கும் என்பதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.